சுட்ட கணக்கு

முன்னாள் படைவீரர் நல அலுவலகம், கிருஷ்ணகிரி.
ஒன்பதாம் கட்டம்: காலமானவர் பெற்ற பதக்கங்கள்.
மூன்றை எழுதிவிட்டேன், நாடாவின் நிறத்தோடு.
நான்காவதை மேசையில் வைத்ததும்
எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது என்னம்மா, மாங்காயா?"

மாங்காய்தான்.
காவேரிப்பட்டினம் மாங்காய் மண்டி வியாபாரிகள்
எழுபத்திரண்டு மே மாதம் கொடுத்தது.
கண்காட்சியில் நல்ல காய்க்குத் தரும் பரிசின் அச்சு
கைவசம் இருந்ததாம்.
புது அச்சுக்குச் செலவாகும் என்று
அந்தப் பெங்களூராக் காயின் குறுக்கே
இரண்டு துப்பாக்கி கீறச் சொன்னார்கள்.
ஒன்று காம்பு மாதிரியே இருக்கிறது.
நாடா, ஜவுளிக்கடையில் கிழித்த பச்சை.
ஓரத்தில், 'மாதையன், போர்ச் சேவை'.

என் அப்பா
படையில் ரொட்டி சுட்டவர்.

கூடைகளைக் கவிழ்த்துப் பலகை போட்ட மேடை.
"எத்தன பேரச் சுட்டீங்க?" என்று
மைக்கை நீட்டினார் சங்கத் தலைவர்.
"ஒரு நாளைக்கு ஆறாயிரம் சுட்டேங்க."
மண்டியே எழுந்து கைதட்டியது.
சிரித்தது என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.
திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள்
மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

மேடைக்குப் பின்னால்
விழா நடப்பது தெரியாதவர்போல
வண்டியிலிருந்து காய் இறக்கிக்கொண்டிருந்தார் மல்லப்பன்.
அவர் மகன் வேடியப்பனும் என் அப்பாவும்
ஒரே காலையில், ஒரே நாடாவில்
மார்பளவு கொடுத்துச் சேர்ந்தவர்கள்.
பட்டியலில் திரும்பி வந்தவர்கள் மட்டும்தான்.
போனவர்களை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றாராம் செயலாளர்.

கூடையை இறக்காமல், தலையில் வைத்தபடியே
மல்லப்பன் கேட்டார்:
"நீ சுட்ட ரொட்டி எம் பையனுக்கு வந்துச்சா?"

அப்பாவின் அடுப்பு இருந்தது அசாமில், மூங்கில் காட்டோரம்.
வேடி விழுந்தது மேற்கே, எங்கோ ஒரு கரும்புக் கொல்லையில்.
நடுவில் ஒரு தேசத்தின் அகலம்.
ரொட்டியோ மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும்.

"வந்துச்சுங்க."

"சூடாவா?"

"சூடாத்தான்."

அன்று ராத்திரி பதக்கம்
சட்டைப் பையில் கனத்ததாம்.
காலையில் பேருந்து நிலையத்தருகே
பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் போனார்.
குடத்துக்கும் தூக்குப்போசிக்கும் ஆன அதே உளி,
எழுத்துக்குப் பத்துப் பைசா.
பின்பக்கம் வெட்டச் சொன்னார், வீட்டில் கூப்பிடுகிற பெயரை:
வேடி.
இரண்டு எழுத்து. மீதி ஐந்து பைசாவுக்கு
பீடி வாங்கியதையும் ஒளிக்காமல் சொல்வார்.

மல்லப்பனுக்குப் படிக்கத் தெரியாது.
விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.
"எங்க சாமியே கல்லுல நிக்கற சிப்பாய்தான்,
அதுக்கு யாரு குத்திவிட்டா மெடலு?
நீயே வெச்சுக்க.
ரொட்டிக்குக் குடுத்தது."

தெரிந்துதான் சொன்னாரா?
அப்பா சாகும்வரை
அந்த இடத்தில்தான் கதையை நிறுத்துவார்.

எழுத்தர் பதக்கத்தைத் திருப்பினார்.
வெட்டியவர் இரட்டைக் கொம்புக்கு உளி வளைக்கச் சோம்பி
ஒற்றைக் கொம்போடு விட்டிருந்தார்.
"வெடி.
ஓ, வெடிமருந்துப் பிரிவா?"
"இல்லைங்க. ரொட்டி."

விதியில் இதற்கு இடமில்லை என்று
இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.
அவர் கெட்டவரில்லை,
தள்ளும்முன் துணியால் ஒருமுறை துடைத்தார்.
பச்சை நாடாவில் இன்னும் நாலு இழை பிரிந்தது.

பத்தாம் கட்டம்: அங்க அடையாளம்.
வலது முன்கையில் சுட்ட தழும்பு
என்று எழுதினேன்.
"குண்டடிதானே?" என்று
முத்திரையை மையில் ஒற்றினார்.

நான் வாயெடுப்பதற்குள்
அது விழுந்துவிட்டது.